700 ஹேர்ட்ஸ் மோர்ஸ் வடிகட்டி: யானை வேலிக்குப் பக்கத்தில் சில வருடப் பாவனை

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் 7 மெகாஹேர்ட்ஸில் மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக அனுப்பும் வானொலிச் செய்தி) கேட்பதற்காக நான் கட்டிய ஒலி வடிகட்டி இது; 700 ஹேர்ட்ஸ் அருகிலுள்ள ஒலியை மட்டும் விட்டு மற்றதை அடக்கும். வானொலிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் இருக்கும். சில மாரியும் கோடையும் கண்டுவிட்டது, இன்னும் நன்றாக ஓடுகிறது.

உள்ளே ஒரு டிஎல்072 சிப். அதன் இரண்டு ஒப்-அம்ப்பும் (பெருக்கிகள்) அடுத்தடுத்து ஒரே மாதிரிப் பட்டை வடிகட்டிகள்: கொள்ளளவி எல்லாம் 10 நானோஃபரட், பின்னூட்டத் தடையி 330 கிலோஓம், உள்ளீட்டில் 160 கிலோஓம், நிலத்துக்கு 2 கிலோஓம் பிரீசெட் (திருப்பி மாற்றக்கூடிய தடையி). பிரீசெட்டை 1.6 கிலோஓம் அளவில் வைத்தால் நடு அதிர்வெண் 700 ஹேர்ட்ஸ். அதைத் திருப்பினால் நடு மட்டும்தான் நகரும், பட்டை அகலம் அசையாது. இந்த அமைப்பை நான் விரும்புவதற்கு அதுவே காரணம். ஒரு படிக்கு 96 ஹேர்ட்ஸ் அகலம். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 62. கடைசியில் ஒரு எல்எம்386 ஒலிபெருக்கிச் சிப் ஹெட்போனை இயக்குகிறது.

பட்டையை இன்னும் ஒடுக்கலாமே என்று கேட்பார்கள். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிசெக்கன்தான், புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அவ்வளவே. வடிகட்டி ஒடுங்க ஒடுங்க, புள்ளி முடிந்த பிறகும் ஒலி இழுபட்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். வேகமாக அடிப்பவரின் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து போகும்.

வன்னியில் இதைவிடப் பெரிய தொல்லை யானை வேலி, அதாவது யானையைத் தடுக்கும் மின்வேலி. செக்கனுக்கு ஒன்று என்ற கணக்கில் அதன் மின்துடிப்பு வானொலியில் 'டிக்' என்று விழும். வடிகட்டிக்குள் போனதும் அந்த டிக், மணியைத் தட்டியதுபோல 700 ஹேர்ட்ஸிலேயே ஒலிக்கும். காதுக்கு அது ஒரு மோர்ஸ் புள்ளி! ஐப்பசி மின்னலும் அப்படித்தான். அதனால் வடிகட்டிக்கு முன்னால் இரண்டு 1என்4148 டயோட்டை எதிரெதிராகப் போட்டு, மோர்ஸ் ஒலி அரை வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி சத்தத்தை வைத்தேன். வேலியின் உச்சி அங்கேயே வெட்டுப்பட்டுவிடுகிறது. வடிகட்டிக்குப் பின்னால் போட்டால் பயன் குறைவு, அதற்குள் டிக் நீண்டுவிடும். என்னைக் கேட்டால், ஒடுக்கமான பட்டையைவிட இந்த இரண்டு டயோட்டும்தான் முக்கியம்.

கொள்ளளவிக்கு மலிவான வட்டச் செராமிக் வேண்டாம். தகரக் கூரையின் கீழே பகல் வெப்பத்தில் அதன் பெறுமானம் மாறும். நடு அதிர்வெண் 5 சதவீதம் விலகினாலே 35 ஹேர்ட்ஸ், கேட்கும் ஒலி பட்டையின் ஓரத்துக்குப் போய்விடும். பொலியெஸ்டர் போதும், பொலிபுரொப்பிலீன் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், வடிகட்டியைத் தாண்டிப் போக ஒரு சுவிட்ச் கட்டாயம் வையுங்கள். 62 ஹேர்ட்ஸ் இடுக்கு வழியாக நிலையங்களைத் தேடுவது பெரும்பாடு. திறந்த நிலையில் தேடி, வீயூ (VU) என்று அழைப்புக் குறி தொடங்கும் இந்திய நிலையம் ஏதாவது கேட்டதும் சுவிட்சை மாற்றினால் சரி.