டெர்ஸ்-36ஆ, டெர்ஸ்-16ஆ: தமிழாக்கத்துக்கு எது தோது?

உணர்ச்சிகளைக் கையாள்வதில் ஒருவர் எங்கே தடுமாறுகிறார் என்று அளக்க ஆய்வாளர்கள் அடிக்கடி எடுக்கும் வினாப்பட்டியல் டெர்ஸ். கிராட்ஸும் ரோமரும் 2004இல் வெளியிட்ட மூல வடிவத்தில் 36 கூற்றுகள், ஆறு உட்பிரிவுகள். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; மொத்தம் கூடக்கூடச் சிக்கல் அதிகம். 2016இல் வந்த சுருக்க வடிவத்தில் 16 கூற்றுகள், ஐந்து உட்பிரிவுகள். தன் உணர்வைக் கவனித்தல் என்ற பிரிவு முழுக்க வெளியே போய்விட்டது. தமிழாக்கத்துக்கு நாங்கள் எடுத்தது 16. ஒரு விதிவிலக்கைத் தவிர, கேட்பவர்களுக்கும் அதையே சொல்வோம்.

நேரம், அச்சுச் செலவு, பதில் சொல்பவரின் பொறுமை எல்லாவற்றிலும் சின்னதுதான் ஜெயிக்கும், இதில் பேச ஒன்றுமில்லை. ஆள் கணக்கில் மட்டும் ஏமாற வேண்டாம். கூற்றுக்குப் பத்துப் பேர் என்ற பழைய கணக்குப்படி 360க்குப் பதில் 160 போதும் என்று தோன்றும். உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு (கூற்றுகள் எதிர்பார்த்த பிரிவுகளாகவே சேர்கின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) செய்வதென்றால் 16க்கும் 300 பேரையாவது திரட்டுவது நல்லது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது தலைகீழ் மதிப்பெண். 36இல் 11 கூற்றுகள் நல்ல நிலையைச் சொல்பவை. கூட்டுவதற்கு முன் 5ஐ 1ஆகவும் 4ஐ 2ஆகவும் திருப்பவேண்டும். 16இல் அப்படி ஒன்றுகூட இல்லை.

இதில் முதல் தொல்லை படிக்காமல் கண்ணை ஓட்டிக்கொண்டு போவதால் வருவது. 18ஆம் கூற்று வேறு எதிலும் மனம் செல்லாததைச் சொல்கிறது, 19 கட்டுப்பாடு இழந்ததுபோல் இருப்பதை. அடுத்து 20: அப்போதும் என்னால் வேலைகளை முடிக்க முடிகிறது. மூன்றும் ‘மனசு சரியில்லாதபோது’ என்றே தொடங்குவதால், வலது ஓரமாக டிக் போட்டுக்கொண்டு வருபவர் 20க்கும் அங்கேயே போடுவார். 18க்கும் 20க்கும் சேர்த்து 5 போட்ட தாள்களைத் தனியாக எண்ணிப் பாருங்கள், சேதம் எவ்வளவு என்று தெரியும். காரணிப் பகுப்பாய்வில் இந்தக் கூற்றுகள் பொருளால் அல்லாமல், திசையால் ஒன்றுசேர்ந்து தனிக் காரணியாக நிற்கும்.

இரண்டாவது தொல்லை இன்னும் ஆழமானது. 11இல் ஆறு, கவனித்தல் பிரிவின் கூற்றுகள். 2ஆம் கூற்று ‘என் உணர்வுகளைக் கவனிக்கிறேன்’ என்று வரும். 6ஐ ‘என் உணர்வுகளில் கவனமாக இருக்கிறேன்’ என்று எழுதினால், உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்கி வைப்பவர் அதற்குத்தான் ‘எப்போதும்’ போடுவார். மாற்றி எழுதினாலோ 2ஆம் கூற்றின் நகலாகிவிடும். இன்னொரு பக்கம், நாள் முழுக்கத் தன் வேதனையையே நினைத்துக்கொண்டிருப்பவரும் இரண்டுக்கும் 5 போடுவார். மதிப்பெண்ணைத் திருப்பியதும் அவர் சிக்கல் இல்லாதவராகக் கணக்கில் வருவார்.

தமிழாக்கத்தை இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் மீள்மொழிபெயர்ப்பு இதைப் பிடிக்காது. திரும்ப ஆங்கிலமாக்குபவர் ஒழுங்கான ஒரு வாக்கியத்தைத் தந்துவிடுவார், குழுவும் கையெழுத்துப் போட்டுவிடும். நிரப்பியவரிடம் ‘இந்த வரிக்கு எதை நினைத்து டிக் போட்டீங்க?’ என்று ஒவ்வொரு கூற்றாகக் கேட்டால்தான் தெரியும். பைலட்டுக்கு, அதாவது முன்னோட்டச் சோதனைக்கு, வரும் முப்பது நாற்பது பேரில் பத்துப் பேரிடமாவது இப்படி உட்கார்ந்து கேளுங்கள்.

ஆங்கிலத்திலேயே கவனித்தல் பிரிவு மற்ற ஐந்தோடு ஒட்டுவது குறைவு. தமிழில் பொருத்தம் சரியாக வரவில்லை என்றால், இரண்டு மூன்று கூற்றுகளை நீக்கிச் சரிக்கட்டத் தோன்றும். நீக்கியபின் அது 36 கூற்றுக்கும் சேர்த்து 180க்கான மொத்தம் அல்ல; வேறு நாட்டுத் தரவுக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது.

16இலும் குறை உண்டு. தெளிவு என்ற பிரிவுக்கு இரண்டே கூற்றுகள். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட வழக்கமாகத் தரும் ஆல்ஃபாவை அதற்குப் போடாமல், இரண்டு கூற்றுகளுக்குப் பொருத்தமான ஸ்பியர்மன்-பிரவுன் கெழு கொடுங்கள், அந்தப் பிரிவை மட்டும் வைத்துப் பெரிய முடிவு சொல்லாதீர்கள். 4, 8, 11ஆம் கூற்றுகள் மூன்றும் கட்டுப்பாடு இழப்பதைப் பற்றியவை. 4 நடப்பது, 8 அப்படித் தோன்றுவது, 11 நடத்தையை அடக்கச் சிரமப்படுவது என்று பிரித்து எழுதாவிட்டால் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பதாகவே படிப்பவர் நினைப்பார். 12 ‘ஒன்றுமே செய்ய முடியாது’ என்று போகும். விடைப் பக்கத்தில் ‘எப்போதுமே இல்லை’ என்று இருந்தால் இல்லைக்குமேல் இல்லையாகித் தலை சுற்றும். ‘செய்ய முடியாது என்று தோன்றும்’ என்று கூற்றை முடித்து, விடையை ‘மிக அரிதாக’ என்று தொடங்குங்கள்.

16இல் 14 கூற்றுகளைத் தாங்குவது அந்த ‘மனசு சரியில்லாதபோது’தான். ‘மனம் வருந்தும்போது’ என்று இலக்கியத் தமிழாக்கினால் கோபம் வெளியே போய்விடும், கட்டுப்பாட்டுப் பிரிவு அர்த்தமிழந்து நிற்கும்.

விதிவிலக்கு: உங்கள் ஆய்வே உணர்வைக் கவனிப்பது பற்றியது என்றால், உதாரணமாக மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளப்பது என்றால், 36தான் வேண்டும். பதின்வயதினர் விஷயத்தில் எங்கள் கை அவ்வளவு பழகியதில்லை. அங்கே 16ஐ அடித்துச் சொல்லத் தயக்கம் உண்டு.

36ஐக் கேட்டு வாங்கினால் அதற்குள்ளிருந்து 16க்கான கூற்றுகளை எடுத்துத் தனியே கூட்டிக்கொள்ளலாம். 16இலிருந்து 36க்குப் போக வழியில்லை. மொத்தத்தை 2.25ஆல் பெருக்கினால் 80, 180 ஆவது உண்மைதான். ஆனால் கேட்காத கவனித்தல் பிரிவுக்கு அந்தப் பெருக்கல் பதில் சொல்லிவிடாது.