கடைக்குள் நுழையும் முன் சமையலறையைப் பார்க்க முடியுமா? பிரிட்டனின் உணவுச் சுகாதாரத் தரமதிப்பீட்டுச் சேவை

பிரிட்டனின் உணவுத் தர முகமை 2010ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய சுகாதாரத் தரமதிப்பீட்டுத் திட்டம் இன்று இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றிலும் நடைமுறையில் உள்ளது. ஸ்காட்லாந்துக்குத் தனித் திட்டம் உண்டு. இணையதளத்தில் கடையின் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ உள்ளிட்டால், 0 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணும் கடைசியாகச் சோதனை நடந்த தேதியும் கிடைக்கின்றன. கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ளவும் தேவையில்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாமில் தோசை சாப்பிடப் போகிறவரும், பிள்ளையின் பள்ளி உணவுக்கூடத்தைப் பற்றி அறிய விரும்புகிறவரும் அதே பக்கத்தில்தான் தேடுகிறார்கள்.

மதிப்பெண்ணைவிட அதன் கீழே வரும் மூன்று வரிகளையே நான் முதலில் பார்ப்பது வழக்கம். உணவைக் கையாளும் முறை, இடத்தின் தூய்மையும் கட்டட நிலையும், நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை என்று உள்ளாட்சி அலுவலர் மூன்று தலைப்புகளில் புள்ளி போடுகிறார். குறைபாடு கூடக்கூடப் புள்ளி ஏறும். ஆகவே மொத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மொத்தம் 15க்குள் இருந்து, எந்தத் தலைப்பிலும் 5ஐத் தாண்டாமல் இருந்தால்தான் 5 மதிப்பெண். முதல் இரண்டு தலைப்புகளிலும் ஒரு கடை குறையே இல்லாமல் தேறினாலும், நிர்வாகத்துக்கு 20 புள்ளி விழுந்துவிட்டால் அதன் மதிப்பெண் 1 ஆகிவிடும். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் ஏடு, பணியாளர் பயிற்சி ஆகியவை இந்தத் தலைப்பில்தான் எடைபோடப்படுகின்றன. இது கண்டிப்புத்தான், ஆனால் நியாயமான கண்டிப்பு என்பேன். சோதனை நாளில் தரையைத் துடைத்துவைப்பது எவருக்கும் இயலும், ஆறு மாத ஏட்டை ஒரே இரவில் உண்டாக்குவதுதான் கடினம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வேல்ஸில் 2013 முதலும் வட அயர்லாந்தில் 2016 முதலும் மதிப்பெண் ஒட்டியை வாசலில் காட்டுவது சட்டப்படி கட்டாயம். இங்கிலாந்தில் இன்னும் கடைக்காரரின் விருப்பம்தான். விளைவு எதிர்பார்க்கத்தக்கதே: 5 வாங்கிய கடை கண்ணாடியில் பளிச்சென்று ஒட்டிவைக்கிறது, 2 வாங்கிய கடையின் கண்ணாடியில் தள்ளுபடி விளம்பரம் இருக்கிறது. சோதனைகளின் இடைவெளியும் சீரானதல்ல. அபாயம் மிகுந்த இடங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அலுவலர், அபாயம் குறைந்த இடங்களுக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். எனவே தேதியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்புவது சரியாகாது.

நியூயார்க் நகரம் 2010இல் கொண்டுவந்த, தரத்தை எழுத்தால் குறிக்கும் முறை இந்த வகையில் உறுதியானது. 13 புள்ளி வரை ஏ, 27 வரை பி, அதற்கு மேல் சி. வாசலிலிருந்து ஐந்து அடிக்குள், தரையிலிருந்து நான்கு முதல் ஆறு அடி உயரத்தில் அட்டை இருந்தாக வேண்டும் என்று அளவு குறித்தே விதி செய்திருக்கிறார்கள். ஆனால் பி அல்லது சி வாங்கிய உணவகம், விசாரணை முடியும் வரை ‘தரம் நிலுவையில்’ என்ற அட்டையை மாட்டிக்கொள்ளலாம். அந்தச் சலுகை எனக்கு உவப்பானதல்ல.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண், 2022 ஜனவரி முதல் உணவக ரசீதிலும் அச்சாக வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை ஆணையத்தின் உரிமத் தளமான ஃபாஸ்காஸில் இட்டால் உரிமம் யார் பெயரில், எந்த முகவரிக்கு, செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் தெரிகிறது. தளம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆயினும் அனுமதி இருக்கிறது என்பது ஒரு செய்தி, சமையலறை எப்படி இருக்கிறது என்பது வேறு செய்தி. இரண்டாவதைச் சொல்லும் சுகாதாரத் தரமதிப்பீடு இங்கு கடைக்காரர் விரும்பினால் மட்டும் பெறுவது. அதற்கான தணிக்கையையும் அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனங்களே செய்கின்றன. கெட்டுப்போன இறைச்சி பறிமுதல் என்று நாளிதழில் வந்த பிறகுதான் சோதனை நடந்ததே வாடிக்கையாளருக்குத் தெரிகிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைசியாக வந்த தேதியையும் அவர் கண்ட குறைகளையும், உரிமத்தின் விவரம் வரும் அதே பக்கத்தில் சேர்த்தால் புதிய செயலி எதுவும் தேவைப்படாது.