சேற்றில் உட்காரும் படகா, சாயும் படகா?

மச்சான் படகு வாங்கப் போகிறார் என்று வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு. கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். மழை விட்டதும் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பர்மாவில், மோல்மேனில் குடியிருப்பவருக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். சல்வீன், ஜைங், அத்தரான் மூன்று ஆறும் ஊர் வாசலிலேயே வந்து கலக்கின்றன. எதிரே பீலூ தீவு, அதைத் தாண்டினால் கடல்.

அவர் பார்த்து வைத்திருப்பது மூன்று. ஒன்று, 40 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு, அதாவது பின்பக்கம் வெளியே தொங்கும் எஞ்சின், மாட்டிய ஃபைபர் படகு. இரண்டாவது, பர்மியர் ‘பெடவுங்’ என்று சொல்லும் நீள வால் படகு. மூன்றாவது, உள்ளே டீசல் எஞ்சினும் மேலே ஓர் அறையும் உள்ள 28 அடி மரப்படகு. மூன்றிலும் நான் பொழுதைக் கழித்திருக்கிறேன், ஒன்றில் நன்றாக மாட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

ஃபைபர் படகை முதலில் தள்ளிவிடுகிறேன். பார்க்க அழகு, பறக்கும். ஆனால் 40 குதிரைத்திறனை முழுசாகத் திருகினால் மணிக்கு 15 லிட்டர் பெட்ரோலுக்குக் குறையாது. அதைவிடப் பெரிய தொல்லை சேறு. அவுட்போர்டு எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ஆற்றுத் தண்ணீரைத்தான் இழுக்கும். நம் ஆறோ பால் டீ நிறம். அந்த மண், தண்ணீரை இழுக்கும் ரப்பர் விசிறியை அரித்துவிடும். ஒருமுறை வாடகைக்கு எடுத்த படகில், அத்தரான் வாய்க்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை போய்த் தண்ணீர் இழுக்கும் துளையில் ஒட்டிக்கொண்டது. கீச்சென்று அலாரம், எஞ்சின் நின்றது. வற்றும் நேரம் வேறு. நாங்கள் பையைப் பிடுங்கி எடுப்பதற்குள் ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும்போது ஆற்றில் வரும் இழுப்பு, எங்களை முக்கால் மைல் கீழே கொண்டுபோய்விட்டது. பைதான் போயிற்றே என்று கயிற்றை இழுத்தால், விசிறி ஏற்கெனவே தீய்ந்திருந்தது. வாடகைக்கு விட்டவர் துடுப்பு ஒன்றுதான் வைத்திருந்தார். மீதியைச் சொல்ல வேண்டாம்.

இங்கேதான் பெடவுங்கின் அருமை தெரியும். ஒற்றை சிலிண்டர் சீன டீசல் எஞ்சின், ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்புவது. அதன் தலையில் திறந்த தொட்டி ஒன்று இருக்கும். ஊற்றி வைத்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகப் போக எஞ்சின் சூடு அடங்கும். ஆற்றை உறிஞ்ச வேண்டிய வேலையே இல்லை. அந்தத் தொட்டியில் முட்டை அவித்துத் தின்ற ஆட்களைத் தெரியும். (எண்ணெய் வாடை அடிக்கும், நான் சாப்பிடவில்லை.) கழிமுகப் பக்கம் போனால் நல்ல தண்ணீர் ஒரு டின் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே துருப்பிடிக்கும்.

ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் போய் மாட்டினாலும் பயமில்லை. பின்னால் நிற்பவர் கைப்பிடியை இடுப்பால் ஓர் அழுத்து அழுத்துவார். நீளக் கம்பியின் மறுமுனையில் விசிறி தண்ணீரை விட்டு மேலே வரும், சுற்றிய வேரெல்லாம் பிய்ந்து தெறிக்கும், மறுபடி இறக்குவார். சரி, குறை? சத்தம். இரண்டு மணி நேரம் போனால் இறங்கிய பிறகும் காதுக்குள் எஞ்சின் ஓடும். படுக்க வேண்டுமென்றால் டனி என்ற நிப்பாப் பனை ஓலைக் கூரைக்குக் கீழே எல்லாரும் ஒரே வரிசை, வெயிலும் சாரலும் பக்கவாட்டில் வரும். கழிப்பறைக்கு வழியே கிடையாது. பெண்கள் கூட வந்தால் பேச்சுக்கே இடமில்லை.

அறையுள்ள மரப்படகு மணிக்கு 10, 12 கிலோமீட்டருக்கு மேல் போகாது. எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் அலைதான் பெரிதாகும். ஆகவே அதில் போகிறவர் பஞ்சாங்கம் பார்த்துத்தான் கிளம்புவார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பலமாக இழுக்கும். எதிர்த்துப் போனால் பாதி வேகத்தை ஆறே தின்றுவிடும். கூடவே போனால் டீசல் மிச்சம். ஏற்றம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போவதால், இன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர் நாளை ஏழு மணி வரை உட்கார்ந்து டீ குடிக்கலாம். கரி அடுப்பில் சோறு, கருவாடு, பக்கத்தில் ஒட்டிவரும் சம்பான் என்ற சின்னப் படகில் மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்கா என்று அந்தப் படகில் நாள் தானாகவே மெதுவாகிவிடும். எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் அதற்கு அடியில் கூர்மையான கட்டை உண்டு. ஓர் ஓடைக்குள் கொசுவுக்குப் பயப்படாமல் காற்றுக்குப் பயந்து ஒதுங்கினோம். நடு இரவில் சோற்றுப்பானை தானே நகர்ந்து வந்து என் காலில் இடித்தது. விளக்கை ஏற்றிப் பார்த்தால் ஓடையில் தண்ணீர் இல்லை, படகு ஒருக்களித்துச் சேற்றில் படுத்திருந்தது. மறு ஏற்றம் வரும்வரை ஆளாளுக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அதே ஓடையில் பத்தடி தள்ளி ஒரு பெடவுங் தட்டையாகச் சேற்றில் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்தவரின் குறட்டை எங்களுக்குக் கேட்டது.

அதிலிருந்து நடு ஆற்றுப் பக்கமாகத்தான் நங்கூரம் போடுகிறோம். கொசுவும் குறைவு. கயிறு மட்டும் தாராளமாக வேண்டும், ஏற்றத்தில் இருக்கும் ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது. ஓதம் திரும்பும்போது படகும் மொத்தமாகத் திரும்பும். முதல் இரவு அந்த அசைவில் தூக்கம் கலையும், அப்புறம் பழகிவிடும். மணல் ஏற்றிப் போகும் பெரிய படகுகளுக்குத் தெரிய ஒரு வெள்ளை விளக்கு கட்டாயம்.

ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. மே முதல் அக்டோபர் வரை எந்தப் படகையும் கரையில் ஏற்றிவிடுவது நல்லது, அதில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை.

மச்சான் மீன் பிடித்துவிட்டு அந்தியில் வீடு திரும்புகிறவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெடவுங் வாங்கச் சொல்லியிருப்பேன். அவரோ அக்காவையும் கூட்டிக்கொண்டு இரவு தங்கப் போகிறார். அதனால் அறையுள்ளதே வாங்கட்டும், ஓடைக்குள் நுழைய ஒரு சின்னச் சம்பானைப் பின்னால் கட்டிக்கொள்ளட்டும் என்றேன். “வேகம்?” என்றார். ஓதம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மரப்படகைப் பார்க்க இருவரும் போகிறோம். விற்பவர் ஏற்ற நேரத்தில் வரச் சொல்லியிருந்தார். நான் வற்றும் நேரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அடிப்பலகை முழுசாகத் தெரியும். கப்பல் புழு துளைத்திருக்கிறதா என்று குத்திப் பார்க்க ஒரு ஸ்குரூ டிரைவரும் எடுத்து வைத்திருக்கிறேன்.