பிள்ளை அப்பாயியிடமா, பிள்ளைக் காம்பராவிலா?

தேயிலைத் தோட்டத்தில் தாய் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளை யாரிடம்? அப்பாயி (அப்பாவின் அம்மா) வைத்துக்கொண்டால் பேச்சும் தாலாட்டும் மடியும் கிடைக்கும். அதற்கு ஈடே இல்லை. ஆனால் லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீட்டுக்குள்) விறகடுப்புப் புகை பிள்ளையின் நெஞ்சைக் கெடுக்கும். சமைக்கும்போது இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்) வைத்திருங்கள். அழுதால் சீனித்தண்ணி, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் வேண்டவே வேண்டாம்: வயிறு நிறையும், எடை ஏறாது. 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். பிழிந்து வைத்த பாலை வெளியில் 4 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம். கொழுந்து பறிக்கும் மலைக்குக் கிட்ட இருந்தால் தாயே இடையில் வந்து பால் கொடுக்கலாம். சளி மட்டும் சீக்கிரம் தொற்றும்.

அப்பாயி திடமாக இருந்தால் எங்கள் விருப்பம் அவரே. முழங்கால் வலிக்காரர் என்றால், தவழும் பிள்ளையைப் பகலில் காம்பராவில் விட்டு, அந்தியில் அவர் மடியில் கொடுங்கள்.