லட்சத்தீவு போகிறவர்களே, 18,400 ரூபாயை இப்படி விடாதீர்கள்

லட்சத்தீவின் அகத்தித் தீவிலிருந்து திரும்பி ஆறு நாள் ஆகிறது. கோபம் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பாலக்காட்டில் ஒரு டிராவல்ஸில் பேக்கேஜ் எடுத்தோம். பெர்மிட், டிக்கெட், தங்குமிடம் எதிலும் குறையில்லை. குறை வேறு இடத்தில்.

என் மாமியாருக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. அகத்தி கொச்சியிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நடுக்கடலில் இருக்கிறது. பெரிதாக ஏதாவது வந்தால் கொச்சிக்குத்தான் தூக்கி வர வேண்டும். "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றது?" என்று நான்தான் கேட்டேன். அந்தக் கேள்வியே அந்த டிராவல்ஸ் ஆளுக்குப் போதுமாக இருந்தது.

மேஜை டிராயரைத் திறந்து ஒரு கார்டை எடுத்து என் கையில் வைத்தார். லேமினேட் செய்த இன்ஷூரன்ஸ் கார்டு. மூலையில் சிவப்புச் சிலுவை, கீழே பாலிசி எண், 24 மணி நேர டாக்டர் எண். "சேச்சி, எங்க அம்மாவும் சர்க்கரைக்காரிதான். எங்க அம்மாவை அனுப்பற மாதிரி நினைச்சுதான் சொல்றேன்" என்றார். மாமியாரைப் பார்த்து, "வேளைக்கு மாத்திரை போடறீங்களாம்மா?" என்று வேறு கேட்டார். அதில் விழுந்துவிட்டேன். ஆளுக்கு 4,600, நாலு பேருக்கு 18,400. அங்கேயே ஜிபே செய்தேன். ரசீது வாட்ஸாப்பில் வரும் என்றார். வரவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள், நீர் வற்றியிருந்த நேரம். முழங்கால் ஆழம்கூட இல்லை. என் மகன் கடல் முள்ளெலியை மிதித்துவிட்டான். உருண்டையாக, உடம்பெல்லாம் கறுப்பு முள்ளோடு பவளப்பாறை இடுக்கில் கிடக்குமே, அதுதான். குதிகாலில் முள் ஒடிந்து, பென்சில் முனை உள்ளே நிற்பது போலக் கறுப்புப் புள்ளிகள். பதினோரு வயதுப் பிள்ளை கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீரில் போடும் ஷூவும் அந்த 18,400-இல் சேர்த்தி என்றார்கள். கண்ணில்கூடக் காட்டவில்லை.

கார்டிலிருந்த டாக்டர் எண்ணுக்கு அடித்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று மலையாளத்தில் பதிவுக் குரல் சொன்னது. டிராவல்ஸுக்கு அடித்தால், "ரேஞ்ச் இல்ல சேச்சி, அப்புறம் கூப்பிடறேன்." கூப்பிடவே இல்லை. தங்கியிருந்த வீட்டு அக்காதான் காலைச் சுடுநீரில் வைக்கச் சொல்லி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். அங்கே முள்ளை எடுத்து, டி.டி. ஊசி போட்டு நன்றாகவே பார்த்தார்கள்.

ஊருக்கு வந்து கேட்டால் ஓனர் கொச்சி போயிருக்கிறாராம். அடுத்த நாள், ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்புங்கள், கிளைம் போடலாம் என்றார்கள். அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அதற்கடுத்த நாள், முள் குத்தியதற்கெல்லாம் கவர் கிடையாதாம், அட்மிட் ஆக வேண்டுமாம். கார்டில் போட்டிருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே போன் செய்தேன். அந்த எண்ணில் பாலிசியே இல்லை என்றார்கள். நேரில் போனேன். அதே ஆள், உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இன்ஷூரன்ஸ்னு நாங்க எங்க சொன்னோம்? அது சர்வீஸ் சார்ஜ்" என்றார். 18,400 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்! என் மாமியாரின் பயத்தை வைத்துச் சம்பாதித்த காசு அது.

தீவுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியதையெல்லாம் விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இதையாவது செய்யுங்கள். பாலிசியை நீங்களே கம்பெனியில் நேரடியாக எடுங்கள். யாராவது எடுத்துக் கொடுத்தால், கிளம்பும் முன் அந்த எண்ணைக் கம்பெனியில் கேட்டுச் சரிபாருங்கள். கார்டில் இருக்கும் போன் எண்ணுக்கு ஊரிலிருந்தே ஒரு முறை அடித்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கெட்டி அடி வைத்த ஷூ இல்லாமல் பவளப்பாறைப் பக்கம் இறங்காதீர்கள். முள் ஏறினால் ஊசியால் நோண்டாதீர்கள். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பணம் போயிருந்தால் 1915, நுகர்வோர் உதவி எண். நான் நேற்று புகார் பதிந்துவிட்டேன்.