நான்குவழியா, இரண்டுக்கு ஒன்றா, பழைய சாலையைச் செப்பனிடுவதா?

ஊர்களை இணைக்கும் இருவழிச் சாலை ஒன்றில் உயிரிழப்பு கூடிக்கொண்டே போகிறது. ஏதாவது செய்யச் சொல்லி நிதியும் வந்துவிட்டது. வழக்கமாக மூன்று யோசனைகள் வரும்: முழு நீளத்துக்கும் புதுத் தார் போடுவது, நான்குவழியாக அகலப்படுத்துவது, நடுவில் கம்பிவடத் தடுப்பு (தூண்களில் இழுத்துக் கட்டிய எஃகு வடம்) வைத்து 'இரண்டுக்கு ஒன்று' முறையில், அதாவது ஒரு திசைக்கு இரண்டு தடமும் எதிர்த்திசைக்கு ஒன்றுமாக, மூன்றுவழியாக்குவது. எது மலிவு என்று பார்ப்பதற்கு முன் ஐந்து வருட விபத்துப் பதிவுகளை எடுத்துப் பிரியுங்கள்: நேருக்கு நேர் மோதல், சாலையை விட்டு இறங்கியது, சந்திப்பில் பக்கவாட்டு மோதல், நடந்துபோனவர் அடிபட்டது. ஒவ்வொரு யோசனையும் இவற்றில் சிலவற்றைத்தான் குறைக்கும்.

புதுத் தார் அதே நிதியில் அதிகக் கிலோமீட்டருக்கு வரும், எல்லோரும் பாராட்டுவார்கள். ஆபத்து ஓரத்தில் இருக்கிறது. 50 மி.மீ. தளம் போட்டு ஓர மண்ணை உயர்த்தாமல் விட்டால் 5 செ.மீ. படி விழும், அடுத்த முறையும் அப்படியே விட்டால் 10 செ.மீ. ஓரச் சக்கரம் அந்தப் படியில் இறங்கியதும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்புவார். டயரின் பக்கம் படியில் உரசும், ஏறாது. இன்னும் திருப்புவார். திடீரென்று ஏறும்போது சக்கரம் முழுக்கத் திரும்பியிருக்கும். வண்டி எதிர்த்தடத்துக்குப் பாயும். பதிவேட்டில் அது 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று ஏறிவிடும். அதோடு, வழவழப்பான சாலையில் வேகம் கூடும். சராசரி வேகம் 5 சதவீதம் கூடினால் உயிர் பறிக்கும் விபத்துகள் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும் என்பது சாலைப் பொறியியலில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஓரத்தை 30 டிகிரி சரிவாக முடித்து, மண்ணைத் தள மட்டத்துக்கு நிரப்பி ரோலர் ஓட்டினால் படியே இருக்காது. அந்தச் செலவை மிச்சம் பிடிப்பது கொடுமையான சிக்கனம்.

நான்குவழியில் மீடியன் (சாலையைப் பிரிக்கும் நடுத்திட்டு) வருவதால் நேருக்கு நேர் மோதல் பெரிதும் குறையும். ஆனால் நிலம் எடுக்க, பாலங்களை அகலப்படுத்த வருடங்கள் ஓடும். அதுவரை பழைய சாலையில் சாவு நிற்காது. கிராமத்துக்குள் போனால் நடப்பவர் நான்கு தடங்களைக் கடக்க வேண்டும். போக்குவரத்தின் அளவே கேட்டால் தவிர, பாதுகாப்புக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டோம்.

சுவீடன் 1998 முதல் வேறு வழியில் போனது. ஏறக்குறைய 13 மீட்டர் அகலமிருந்த பழைய சாலைகளை மூன்று தடமாகப் பிரித்து, நடுத்தடத்தை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை திசை மாற்றிக் கொடுத்து, எதிரெதிர்த் தடங்களுக்கு நடுவே கம்பிவடம் கட்டினார்கள். உயிரிழப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஓவர்டேக் செய்ய இடம் கிடைக்கிறது, எதிரே வருபவர்மீது மோதவும் வழியில்லை. 7 மீட்டர் சாலையில் இதைச் செய்ய அகலப்படுத்தத்தான் வேண்டும். ஆனாலும் நான்குவழி அளவுக்கு நிலம் தேவைப்படாது. வீடுகளும் வயல் வழிகளும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் இது ஒத்துவராது: ஒவ்வொரு வழிக்கும் தடுப்பைத் திறந்துவிட்டால் தடுப்பே இல்லாமல் போகும்.

பராமரிப்பையும் இப்போதே எண்ணுங்கள். ஒவ்வொரு மோதலிலும் சில தூண்கள் வளையும். மாற்றுத் தூண்கள் கிடங்கில் இருந்து, ஆட்கள் சில நாளில் வந்து மாட்டி, வடத்தின் இழுவிசையைச் சரிபார்க்க வேண்டும். தொய்ந்த வடம் அடுத்த லாரியை நிறுத்தாது. கான்கிரீட் சுவருக்கு இந்தத் தொல்லை குறைவு, விலையோ அதிகம். அது வளைந்து கொடுக்காததால் மோதுபவருக்கு அடியும் பலம்.

சந்திப்பில்தான் உயிர்கள் போகின்றன என்று பதிவுகள் காட்டினால் மூன்றையும் தள்ளிவைத்து ரவுண்டானா கட்டுங்கள். நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32, ரவுண்டானாவில் 8. நடுவில் டிரம் வைப்பது ரவுண்டானா ஆகாது: நுழைவு வளைவு வண்டியைத் திருப்பி, வேகத்தை மணிக்கு 50 கி.மீ.க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் மோதினாலும் உயிர் தப்பக்கூடிய வேகம் ஏறக்குறைய அதுதான்.

நிதி ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எங்கள் வரிசை இது: முதலில் ஓரங்களும் மோசமான சந்திப்புகளும், பிறகு வீடுகள் இல்லாத நீளங்களில் கம்பிவடம், நான்குவழி கடைசியில். எதைத் தேர்ந்தாலும் மதிப்பீட்டில் ஓர மண் நிரப்புதல், வடிகால், தடுப்புப் பராமரிப்பு மூன்றும் தனித்தனி வரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் டெண்டருக்கு விடாமல் திருப்பி அனுப்புங்கள்.