எஸ்எச்847 ரெகுலேட்டர்: இடமாற்றமும் வகைமாற்றமும்

மோட்டார் சைக்கிளின் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் (ஆல்டர்னேட்டரின் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி, வோல்டேஜைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்பும் பாகம்) அடிக்கடி எரிந்துபோவதற்கு அது பொருத்தப்பட்டிருக்கும் இடமே காரணம் என்று பலர் கருதுகின்றனர். இருக்கைக்கு அடியிலோ சைலென்சர் குழாய்க்கு அருகிலோ காற்றோட்டமின்றி அடைந்து கிடக்கும் எந்த மின்னணுப் பாகமும் நெடுநாள் உழைக்காது என்பதால் அக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால், ஷிண்டென்கென் நிறுவனத்தின் எஸ்எச்847 ரெகுலேட்டரை என் வண்டியில் பொருத்திப் பயன்படுத்திய பிறகு, இடத்தை மட்டும் மாற்றுவது பாதி மருத்துவம்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பெரும்பாலான வண்டிகளில் வரும் ரெகுலேட்டர் ஷன்ட் வகையைச் சேர்ந்தது. நிலைக்காந்த ஆல்டர்னேட்டர் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப மின்சாரத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தும் வசதி அதனிடம் இல்லை. பேட்டரியில் வோல்டேஜ் வரம்பைத் தொட்டதும், ஷன்ட் ரெகுலேட்டர், ஸ்டேட்டரின் (ஆல்டர்னேட்டரில் சுழலாமல் நின்று மின்சாரம் தரும் காயில் பகுதி) வயர்களை ஒன்றோடொன்று ஷார்ட் செய்து, மிச்சமுள்ள மின்னோட்டத்தை ஸ்டேட்டருக்கே திருப்பிவிடுகிறது. அதனால் ஹெட்லைட் எரிந்தாலும் அணைந்தாலும் ஸ்டேட்டர் காயிலில் ஓடும் மின்னோட்டம் பெரிதாகக் குறைவதில்லை. எல்இடி விளக்கு பொருத்தினால் ஸ்டேட்டரின் சுமை குறையும் என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். ரெகுலேட்டரைக் காற்றுப்படும் இடத்துக்குக் கொண்டுவந்தால் அதன் சூடு குறையும். எஞ்சின் ஆயிலுக்குள் வெந்துகொண்டிருக்கும் காயிலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

எஸ்எச்847 ரெகுலேட்டரோ சீரிஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. தேவைக்கு மேல் மின்சாரம் வரும் நேரத்தில் இது பாதையைத் துண்டித்துவிடுவதால், வண்டி கேட்கும் அளவுக்கு மட்டுமே ஸ்டேட்டரிலிருந்து மின்னோட்டம் எடுக்கப்படுகிறது. காயில், அதிலிருந்து வரும் மஞ்சள் வயர்கள், அவற்றை இணைக்கும் கப்ளர், ரெகுலேட்டர் ஆகிய நான்குமே இதனால் சூடு தணிகின்றன. இதன் திறன் 50 ஆம்பியர். இதே வகையில் சற்றுச் சிறிய எஸ்எச்775 35 ஆம்பியர் தாங்கும், நடுத்தர வண்டிகளுக்கு அதுவே தாராளம். எஃப்எச்020 என்னும் மாஸ்ஃபெட் (ஒருவகை மின்னணு ஸ்விட்ச்) ரெகுலேட்டரும் நல்ல பொருள்தான், பழைய தைரிஸ்டர் ஸ்விட்ச் வகையைவிடக் குறைவாகவே சூடாகிறது. எனினும் அதுவும் ஷன்ட் வகை என்பதால் ஸ்டேட்டரின் துன்பம் தீராது.

பொருத்தும் வேலையில் மிகுந்த கவனம் தேவை. இது பழைய யூனிட்டைவிடப் பருமனானது, துளைகளும் பொருந்தாது. ஆகவே அலுமினியத் தகட்டில் தாங்கி செய்து, துடுப்புகளுக்கிடையே காற்று ஓடும்படி, சைலென்சர் குழாயிலிருந்து விலக்கிப் பொருத்த வேண்டியிருந்தது. கப்ளரும் வேறு. பழைய கப்ளரை வெட்டி இணைப்பதைவிட, இதற்கென விற்கும் கப்ளரையும் டெர்மினல்களையும் வாங்கி முறையாகக் கிரிம்ப் செய்வதே (டெர்மினலை வயரோடு நசுக்கி இறுக்குவதே) நல்லது, ஏனெனில் மஞ்சள் வயர்க் கப்ளர் உருகுவதற்குப் பெரும்பாலும் தளர்ந்த டெர்மினலின் மின்தடையே காரணம். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் பழைய ஹார்னஸ் (வண்டியின் வயர்த் தொகுப்பு) வழியாக விடாமல், தடித்த வயரில் நேராகப் பேட்டரிக்கே கொண்டுசென்றேன். பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு அருகிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. எர்த்தைச் சேஸிஸில் மட்டும் நம்பி விடுவது எனக்கு உடன்பாடில்லை.

மாற்றத்துக்குப் பின் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தபோது, எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடுகையில் வோல்டேஜ் 14-க்குச் சற்று மேல் அசையாமல் நின்றது. நீண்ட பயணத்துக்குப் பின்னும் ரெகுலேட்டரின் மேல் கையை வைத்திருக்க முடிகிறது. பழையதைத் தொடவே இயலாது.

குறை என்று சொன்னால், துண்டிக்கப்படும் நேரத்தில் ஸ்டேட்டர் முனைகளில் வோல்டேஜ் உயர்வதால், இன்சுலேஷன் ஏற்கெனவே கருகிய காயிலுக்கு இது ஏற்றதன்று. வாங்குவதற்கு முன்பே மஞ்சள் வயர்களைக் கழற்றி, மூன்று இணைகளிலும் ஏசி வோல்டேஜ் சமமாக வருகிறதா, எந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். நிலைக்காந்தத்துக்குப் பதிலாக ஃபீல்டு காயில் (மின்காந்தமாக இயங்கும் காயில்) உள்ள ஆல்டர்னேட்டர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. போலிகளும் உலவுவதால், மாடல் எண் அச்சிட்ட யூனிட்டை நம்பகமான விற்பனையாளரிடம் மட்டுமே வாங்குங்கள். விலை மிகக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.